பாறையோடு வந்த புழு

மத்தியானம் ஒரு மணிக்குக் கடைசிக் குழந்தையும் ஊசி போட்டுக்கொண்டு அலறியபடி வெளியேறியதும், ஷேக் ஃபரீத் கிளினிக்கின் முன்கதவைச் சாத்தினான். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டான். வாத்துப் படம் போட்ட போர்வை ஒன்றை எடுத்து மீன்தொட்டியின் மேல் போர்த்தி, தானும் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். பட்டப்பகலில் ராத்திரி உண்டாக்குகிற வேலை இது. பாறைக்குள் ஒளிந்திருக்கிற பிராணிகள் இருட்டினால்தான் வெளியே தலை காட்டும். அதற்கு ராத்திரியே வந்து பார்க்கலாமே என்பீர்கள். கடைசி பஸ் போன பிறகு அவனைக் கடையநல்லூரில் கொண்டுபோய் விடுவது யார்? நீங்களா?

வெளியே வைகாசி வெயில். போர்வைக்குள் புழுக்கம் என்றால் அப்படியொரு புழுக்கம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தான். சிவப்பு வெளிச்சம் அந்தப் பிராணிகளுக்குத் தெரியாது. மனிதனுக்கு ஓரளவு தெரியும். இந்த ஓரளவை நம்பித்தான் மூன்று வாரமாகத் தினமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதல் வாரம் ஒரு வேகம் இருந்தது. இப்போது முதுகுவலி மட்டும்தான் இருக்கிறது.

சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. குழந்தை டாக்டர் ஆனந்த்சங்கர் சென்னையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து, நம்ம கிளினிக்கிலும் இது மாதிரி வேண்டும் என்று பிடிவாதமாக வைத்த தொட்டி. ஐந்தடி நீளக் கண்ணாடி, கடல் உப்புக் கலந்த தண்ணீர், உள்ளே பாறை, பாறை மேல் பவளங்கள். இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு நீல மீன், நாலு இறால், பாசியைத் தின்ன இருபது நத்தை. டாக்டரையும் குறை சொல்ல முடியாது. ஊசியைப் பார்த்து ஊரைக் கூட்டுகிற பிள்ளையை இந்தத் தொட்டி முன்னால் நிறுத்தினால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடங்கிவிடும்.

போன மாதம் சென்னையிலிருந்து புதுப் பாறை வந்தது. கடலில் போட்டு வளர்த்தெடுத்த பாறை. தொழிலில் இதை உயிர்ப்பாறை என்பார்கள். பாறைக்கு எங்கே உயிர்? உயிரெல்லாம் அதன் ஓட்டைகளுக்குள் இருக்கும். புழு, நண்டு, குட்டி நட்சத்திர மீன் என்று டிக்கெட் எடுக்காமல் ஏறி வருகிற கூட்டம் அது. யார் யார் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்பது பாறையைத் தொட்டியில் போட்டு நாலு நாள் கழித்துத்தான் தெரியும். சிலது பரம சாது, விழுந்த தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும். சிலது ஒவ்வொன்றாகத் தின்று தொட்டியையே காலி பண்ணிவிடும். எது எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதுதான் வித்தை.

அந்த வித்தை ஃபரீதுக்குத் தெரியாது. இந்தக் கதைக்கே அதுதான் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜாவில் பதினான்கு வருஷம் பெரிய மனிதர்கள் வீட்டுத் தொட்டிகளில் வேலை பார்த்தவன்தான். ஆனால் என்ன வேலை? கண்ணாடி சுரண்டுவான், வாளி தூக்குவான், உப்புக் கரைப்பான். பாறையைப் பார்த்து ‘இது இருக்கட்டும், இதை எடு’ என்று சொல்வது ரோடெல் என்ற பிலிப்பைன்ஸ்காரர். அவர் எடு என்றதை எடுப்பான். ஏன் என்று கேட்க அங்கே நேரமும் இல்லை, கேட்கிறவனுக்கு மரியாதையும் இல்லை. அங்கே அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: தெரியாது என்று சொல்கிறவனை அடுத்த மாதம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாகிறது. கடையநல்லூரில் சின்னதாகத் தங்கமீன் கடை. கடை ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நகர்கிறது. இவன் ஊரில் இல்லாதபோது பிறந்து வளர்ந்த மகனுக்குப் பதின்மூன்று வயது. முதல் வருஷம் முழுக்க இவனை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் பார்த்தான். எதுவானாலும் உம்மாவிடம் சொல்லி, உம்மா வழியாகத்தான் இவனுக்கு வரும். இப்போது ஆறு மாதமாகத்தான் நேரே முகத்தைப் பார்த்து ‘வாப்பா’ என்கிறான். பைக்கில் பின்னால் உட்காரும்போது தோளில் கை வைக்கிறான். இந்தக் கையை விட்டுவிட்டு மறுபடி போகக் கூடாது என்பதுதான் ஃபரீத் அல்லாவிடம் கேட்கிற துஆ எல்லாம்.

டாக்டர் தென்காசியில் இதைவிடப் பெரிதாக இன்னொரு கிளினிக் திறக்கிறார். அங்கேயும் தொட்டி. இரண்டையும் மாதச் சம்பளத்துக்கு ஃபரீதே பார்த்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசி முடிப்போம் என்று சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி விசா ஏஜெண்ட் முகம்மது அப்சலும் தினம் போன் பண்ணுகிறார். அதே ஷார்ஜா, அதே வாளி. தென்காசி கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் அங்கே. இன்று புதன்.

அந்தப் புழு முதன்முதல் தலைகாட்டிய நாளில் இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். பார்த்தது மீனலோசினி. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். காலையில் திரையை விலக்கினவள் ஐயோ என்று கத்தினாள். பாறை இடுக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் வெள்ளை முள் மயிரோடு நெளிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஓடிவந்தார். பிள்ளைகளோடு காத்திருந்த தாய்மார்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன பாய் இது?” என்றார் டாக்டர்.

பத்துப் பேர் இவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாளி தூக்கினவன் வாயை இதுவரை யார் பார்த்தார்கள்? ஃபரீத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“விஷப்புழு சார். கை படக்கூடாது.”

“அப்படியா? புடிச்சிரலாமா?”

“புடிச்சிரலாம். கொஞ்சம் டைம் எடுக்கும். பாறைக்குள்ள இருக்கான்லா.”

ஷார்ஜாவில் ரோடெல் இப்படி ஒரு புழுவைக் குறடால் எடுத்து வீசினதை ஒருதரம் பார்த்திருந்தான். அந்தப் புழுவா இந்தப் புழுவா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னான், அவ்வளவுதான். டாக்டர் அன்றே தாய்மார்களிடம், “பாய்க்குப் பார்த்தவுடனே தெரிஞ்சிருச்சு பாத்தீங்களா? இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கிறது” என்று பெருமையாகச் சொன்னார். தென்காசிப் பேச்சு எடுத்ததும் அன்றைக்குத்தான்.

நாலு நாள் கழித்துப் பாறையை நகர்த்தும்போது உறை போடாத விரலில் அந்த முள் மயிர் ஏறிவிட்டது. விரல் வெண்டைக்காய் கணக்காக வீங்கி இரண்டு நாள் கடுத்தது. அப்போதுதான் பயந்துபோய் ரோடெலுக்குப் புழுவின் படத்தை அனுப்பினான். ரோடெல் பதில் ஒரு வரிதான் போட்டிருந்தார். இது சாதாரண முள்புழு, அழுக்குத் தின்னி, நல்லது, விட்டுவிடு. கையில் ஏறினால் ஒட்டுநாடா ஒட்டி முள்ளை உரித்தெடு.

டாக்டரிடம் போய், சார் அது சாதுவாம், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் போனது. அதன் பிறகு சொன்னால் ‘ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை’ என்ற கேள்வி வேறு வரும். அதனால் தினமும் வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு, பிடிக்க வேண்டாத ஒரு புழுவைப் பிடிப்பதாக நடித்துக்கொண்டிருந்தான். நடிப்பும் ஒரு வேலைதானே, அதிலும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

அந்த நேரம் பார்த்துச் சாவு ஆரம்பித்தது. முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து பிடி விட்டு மல்லாந்து விழுந்தன. அடுத்து இறால் ஒன்று, மறுநாள் இன்னொன்று. பவளங்கள் விரித்த விரலைச் சுருட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. தண்ணீரை மாற்றினான். உப்பை அளந்தான், சரியாக இருந்தது. சூட்டைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஒவ்வொரு பிணத்தையும் எடுத்துப் போடும்போது டாக்டர் பின்னால் வந்து நின்று, “அந்த விஷப்புழு வேலைதானே பாய்?” என்பார். இவனும் ஆமாம் சார் என்பான். என்ன சாகிறது, எதனால் சாகிறது என்று ஒரு எழவும் விளங்காமல் ஆமாம் சார் போட்டுப் போட்டு நாக்கே தேய்ந்துவிட்டது.

இன்று போர்வைக்குள் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் முன்பக்கத்து மணலில் ஏதோ கயிறு மாதிரிக் கிடந்தது. ஃபரீத் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தான். அந்தப் புழுதான். ஓட்டையை விட்டு முழுசாக வெளியே வந்து, பாதி உடம்பு வெளுத்து, துவண்டு கிடந்தது. குச்சியால் தொட்டான். அசங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம் வரவில்லை. கொலைகாரன் என்று இத்தனை நாளாக எவனைச் சொன்னானோ அவனும் செத்துக் கிடக்கிறான். அப்படியென்றால் கொன்றது யார்? போர்வையை இழுத்துக் கீழே போட்டான். விளக்கைப் போட்டான். ஆரஞ்சு மீன் இரண்டும் தீனி கேட்டுக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டு மேலும் கீழும் போயின. நீல மீனும் சௌக்கியம். மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. எலும்பில்லாத பிராணிகள் மட்டும் வரிசையாகப் போகின்றன.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நெற்றியைத் தேய்த்தான். ஷார்ஜாவில் ஒரு வங்காளத்துப் பையன் மீனுக்குப் புள்ளி நோய் என்று மருந்து ஊற்றினான். செம்பு மருந்து. விடிவதற்குள் பவளம், இறால், நத்தை எல்லாம் போய், மீன் மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. பையனை அன்றே விமானம் ஏற்றினார்கள். ஆனால் இங்கே செம்பு எப்படி வரும்? மருந்து எதுவும் ஊற்றவில்லையே.

கையில் உறையை மாட்டிக்கொண்டு பாறைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினான். மூன்றாவது பாறைக்குப் பின்னால், சுவர்ப் பக்கம், கண்ணாடியும் மணலும் சேருகிற மூலையில் பழுப்பாகக் கொஞ்சம் மண் படிந்திருந்தது. மண்ணுக்குள் ஏதோ மினுங்கியது. எடுத்தான். கட்டைவிரல் அகலத் தகடு. அதில் ஒரு பாம்பு அச்சுக் குத்தியிருந்தது. மேலே பூசியிருந்த வெள்ளி முக்கால்வாசி போய், உள்ளே சிவந்த உலோகம் தெரிந்தது. ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

மறுபடி துழாவினான். தேள் ஒன்று வந்தது. பாம்பு, பாம்பு, தேள். கடைசியில் ஈர விரல்களோடு மேஜை மேல் பரப்பி எண்ணினான். ஒன்பது தகடு.

கடையநல்லூர்க்காரனானாலும் சங்கரன்கோவிலுக்கு வந்து போகிறவனுக்கு இது என்ன என்று தெரியாதா? வீட்டில் பாம்பு வந்தது, தேள் கொட்டியது, பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு என்றால் கோயில் வாசலில் இந்த உருவத்தை வாங்கி அம்மனுக்குப் போட்டுவிட்டு, புற்றுமண் எடுத்து வருவார்கள். விஷம் அண்டாது என்று நம்பிக்கை. வழக்கமாக அது உண்டியலில் விழும். இவன் தொட்டியில் எப்படி விழுந்தது?

“மீனா!” என்று கூப்பிட்டான். பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மேஜையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

“இது ஆரு போட்டது?”

“நான் ஒண்ணுதான் போட்டேன் பாய். சத்தியமா ஒண்ணுதான்.”

“எதுக்கு?”

“உங்க வெரலு அம்புட்டு வீங்கிக் கெடந்துச்சுல்லா. நீங்கதான விஷப்புழுன்னு சொன்னீய. எனக்குக் கெதக்குன்னு ஆயிட்டு. உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயி உண்டியல்ல ஒண்ணு போட்டேன். இங்கன ஒண்ணு போட்டேன். புத்துமண்ணும் துளி போட்டேன்.”

“இங்கன எதுக்கும்மா? உண்டியல்ல போட்டது பத்தாதா?”

அவள் அவனை விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “பாம்பு எந்தப் புத்துல இருக்கோ அந்தப் புத்துலதான பாய் பால் ஊத்துதோம்? அது குடியிருக்க எடத்துலதான வைக்கணும்?”

அதில் பிழை சொல்ல முடியுமா? முடியாது. ஃபரீத் முக்காலியில் உட்கார்ந்தான்.

“மிச்சம் எட்டு?”

“நான் போட்டத ஒரு அக்கா பாத்துட்டாவ. என்னன்னு கேட்டாவ, சொன்னேன். மறுநா அவுகளும் ஒண்ணு கொண்டாந்தாவ. அவுக மகன் கண்ணாடியிலயே கைய வச்சுக்கிட்டு நிப்பான்லா, பயம் இருக்காதா? பொறவு இன்னொருத்தவ. நான் போடாதீயன்னு எப்படிச் சொல்ல? சாமி காரியம்.” அவள் குரல் இறங்கியது. “இதனாலயா பாய் எல்லாம் செத்துச்சு?”

“ஆமா. உள்ள செம்பு. உப்புத் தண்ணியில கரையும்.”

மீனலோசினி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. “சாருக்கிட்ட சொல்லீராதீய பாய். என்னைய வேலைய விட்டு நிறுத்திருவாவ. உங்க கைக்குத்தான பாய் போட்டேன்.”

இவன் கைக்குத்தான் போட்டாள். பெற்ற உம்மாவுக்குப் பிறகு இவனுக்காக ஒரு சாமியிடம் போய் நின்றவள் இந்தப் பெண்தான் போலிருக்கிறது. மீதி எட்டுப் பேரும் தங்கள் பிள்ளைக்காகப் பயந்து போட்டவர்கள். அவர்களைப் பயமுறுத்தியது யார்? பத்துப் பேர் வாயைப் பார்க்கிறார்கள் என்ற கிறுக்கில் ‘விஷப்புழு’ என்று அவிழ்த்துவிட்டவன் யார்? வேறு ஊராக இருந்தால் ஓஹோ என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இந்த ஊரில் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? ஃபரீதுக்குத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

“நீ போயி மிச்சச் சோத்தத் தின்னு. உன் பேரு வராது” என்றான்.

நாலரை மணிக்கு டாக்டர் வந்தார். ஃபரீத் தகடுகளைப் பேண்ட் பையில் போட்டிருந்தான். பை நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பிளாஸ்டிக் மக். மக்கில் அந்தப் புழு.

டாக்டர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அடேயப்பா! புடிச்சிட்டீங்களா! இவன்தானா அவன்?”

ஃபரீத் பதில் சொல்வதற்குள் அவரே மக்கை வாங்கிக்கொண்டார். “மூணு வாரம் பாய்! வேற ஆளா இருந்தா என்னைக்கோ கைய விரிச்சிருப்பான். மீனா, இங்க வா, பாரு, பாய் புடிச்சிட்டாரு.”

மீனலோசினி வந்து கதவோரம் நின்றாள். மக்கைப் பார்க்கவில்லை, இவன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு சுலபம் பாருங்கள்! புழு செத்தாயிற்று, இனி யாரும் தகடு போடப் போவதில்லை. தண்ணீரை முழுக்க மாற்றிவிட்டால் பவளம்கூட ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும். டாக்டருக்குச் சந்தோஷம், அந்தப் பெண்ணுக்கு வேலை, இவனுக்குத் தென்காசி. பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே போதும். பதினான்கு வருஷம் சும்மா நிற்பதற்குத்தானே சம்பளம் வாங்கினான்?

டாக்டர் மக்கை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உக்காருங்க பாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பமே சொல்லிருதேன். தென்காசியில வெறும் தொட்டி வைக்கப் போறதில்ல. ஒரு தாழ்வான தொட்டி, மேல தொறந்தாப்ல. பிள்ளைங்க கைய விட்டுத் தொட்டுப் பாக்கலாம். நட்சத்திர மீன், சங்கு, நத்தை எல்லாம் போட்டு. எது கடிக்கும், எது கடிக்காதுன்னு நீங்க பார்த்துச் சொல்லிட்டாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

ஃபரீத் நின்றுகொண்டே இருந்தான். சங்கு என்றதும் அவனுக்கு ரோடெல் ஒருநாள் வேலையை நிறுத்தி எல்லோரையும் பின்னால் போகச் சொன்னது ஞாபகம் வந்தது. பாறையோடு வந்த ஒரு சின்னச் சங்கு, பூவேலை செய்தாற்போல அவ்வளவு அழகு. கையில் எடுத்தால் ஆளே மவுத்தாகிவிடலாம் என்றார் ரோடெல், நீளக் குறடால் எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். அந்தச் சங்கை இன்றைக்குப் பத்துச் சங்குக்கு நடுவில் வைத்தால் எது என்று ஃபரீதால் சொல்ல முடியுமா? முடியாது. இரண்டு வயதுப் பிள்ளை கையை விடும். இவன் பக்கத்தில் நின்று, ‘இது சாது சார்’ என்று சொல்லுவான்.

“என்ன பாய், யோசிக்கிறீங்க?”

“எனக்குத் தெரியாது சார்.”

“என்ன தெரியாது?”

“எது கடிக்கும் எது கடிக்காதுன்னு எனக்குத் தெரியாது.” சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “இந்தப் புழுவும் எனக்குத் தெரியாது சார். விஷப்புழுன்னு சும்மா சொன்னேன். இது ஒண்ணும் பண்ணாது, அழுக்கத் திங்குற புழு. எனக்கே ரெண்டு வாரம் முந்திதான் தெரியும். சொல்லல.”

பைக்குள் கையை விட்டுத் தகடுகளை அள்ளி மேஜையில் வைத்தான். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். உள்ளூர்க்காரர், என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

“யாரு போட்டது இதெல்லாம்?”

ஃபரீத் கதவோரம் நின்றவள் பக்கம் திரும்பவில்லை.

“ஜனங்க போட்டது சார். நான் விஷம்னு சொன்னதக் கேட்டுப் பயந்து போட்டுருக்காங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் வாயால வந்தது. செம்பு எறங்கித்தான் எல்லாம் செத்திருக்கு. புழுவும் அப்படித்தான் செத்துச்சு.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்களை அழுத்திக்கொண்டார். காலையிலிருந்து அறுபது பிள்ளைகளைப் பார்த்த மனிதர். சாயங்காலம் இன்னும் அறுபது இருந்தது.

“அன்னைக்கே தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா வேற ஆளக் கூப்பிட்டிருப்பீங்க சார்.”

டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பினார். ஆரஞ்சு மீன் இரண்டும் இன்னும் தீனி கேட்டுக்கொண்டிருந்தன.

“இப்பவாவது சொன்னீங்களே பாய். பிள்ளைங்க கைய விடுற எடம்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஃபரீதுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “தென்காசிக்குச் சென்னைக்காரங்களையே பேசிருதேன். இதையும் அவங்களே பாக்கட்டும். நீங்க தப்பா நினைக்கக் கூடாது.”

“இல்ல சார். அதுதான் சரி.”

அது சரிதான் என்று அவனுக்கே தெரிந்ததுதான் கொடுமை. எதிர்த்துப் பேச ஓர் இடம்கூட இல்லை. மீனை மட்டும் வேறு தண்ணீருக்கு மாற்றிக் காற்றுக்குழாய் போட்டு வைத்தான். போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்தான். வெளியே வரும்போது மீனலோசினி டோக்கன் மேஜையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஐந்து மணிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஒரு பிள்ளை தொட்டியைப் பார்த்து மீன் எங்கே என்று அழுதது.

பஸ் ஸ்டாண்டில் கடையநல்லூர் பஸ் இன்னும் வரவில்லை. ஃபரீத் நிழல் பார்த்து நின்றான். முதலில் அப்சலுக்குப் போன் போட்டான். “நாளைக்குக் காலையில பாஸ்போர்ட்டோட வாரேன் காக்கா” என்றான். அப்சலுக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும், போனிலேயே தெரிந்தது. அதை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா நின்றான். பிறகு வீட்டுக்குப் போட்டான்.

“என்னங்க, சாரு பேசினாவளா?” என்றாள் மனைவி பர்ஹத். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“பேசினாரு. அமையல. நாளைக்குப் பாஸ்போர்ட்டக் குடுக்குதேன்.”

ஏன், என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு இது ஐந்தாவது தரம். அடுத்து என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். நாலு தரமும் அதைத்தான் கேட்டாள்.

“எத்தன வருஷத்துக்கு?”

நாலு தரமும் அவன் யோசிக்காமல் சொன்ன பதில், ரெண்டே வருஷம்தான். ரெண்டே வருஷம் என்று போய் மூன்றரை ஆனது, நாலு ஆனது, கூட்டிப் பார்த்தால் பதினான்கு ஆனது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமும் அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பயணத்துக்குப் பலகாரம் சுடப் போய்விடுவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல்நெஞ்சக்காரி என்று இவன் உம்மாகூடச் சொல்லியிருக்கிறாள்.

இப்போதும் ரெண்டு வருஷம் என்றுதான் வாய் எடுத்தது. ஃபரீத் அதை விழுங்கினான்.

“தெரியல பர்ஹத்.”

குக்கர் ஒருதரம் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் விக்கி விக்கி அழுகிற சத்தம் போனில் வந்தது. ஃபரீத் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.